இடது காதில் சொன்னது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நலமா என்று முதலில் விசாரிப்பதுதான் முறை. நான்கு மாதமாக நீ சரியாகப் பேசாமல் இருக்கும்போது அதை எழுதப் பேனா நகர மறுக்கிறது. நலமாக இரு. நான் ஏதோ இருக்கிறேன். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. உன் அறை ஜன்னலை மட்டும் தினமும் திறந்து மூடுகிறேன், மற்ற எதையும் தொடவில்லை. இந்தக் கடிதத்தைப் பாதியில் தூக்கிப் போட்டுவிடாதே. உன் அப்பன் இவ்வளவு நீளம் எழுதுவது அவனுக்கே புதிது.

முதலில் வேலை விஷயம். எங்கள் வானொலியின் காலை நிகழ்ச்சி இப்போது ஊரெல்லாம் பேச்சாக இருப்பது உன் காதுக்கும் வந்திருக்கும். இத்தனை வருடம் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை பாட்டு, விருந்தினர், முடிவில் ஒரு நல்ல சிந்தனை என்று ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒருவரும் ஏனென்று கேட்டதில்லை. இப்போது பஸ் கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துக்கொண்டே, “இந்தப் புதன்கிழமை என்ன பாட்டு சார், எனக்கு மட்டும் சொல்லுங்க” என்கிறார். எல்லாம் அந்தப் ‘பாடகர் எங்கே?’ போட்டியால் வந்த பெயர். பாட்டில் குரல் இருக்காது, வாத்தியம் மட்டும் ஓடும். நேயர்கள் போனில் வந்து குரலுக்குரிய வரிகளைப் பாடவேண்டும். எங்கள் அறிவிப்பாளரின் மூளையில் உதித்த யோசனை என்று பத்திரிகையில்கூட எழுதிவிட்டார்கள். நாங்கள் பட்டாசு என்று கூப்பிடுவோமே, அந்தப் பெண்தான். அவள் யோசனை இல்லை அது. யாருடைய யோசனையும் இல்லை. அது நான் செய்த தப்பு.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று புதன்கிழமை, உன் பிறந்தநாள். விருந்தினராக லிஃப்ட் பழுது பார்க்கும் ஒருவர் வந்திருந்தார். மைக்கைப் பார்த்ததும் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பட்டாசு இரண்டு கேள்வி கேட்டதும் மனிதர் கதை கதையாக அவிழ்த்துவிட்டார். “மாட்டிக்கிட்டவங்க முதல்ல திட்டுவாங்கம்மா, அப்புறம் அழுவாங்க, கதவைத் திறந்ததும் நம்ம மூஞ்சியக்கூடப் பார்க்காம ஓடிடுவாங்க” என்றார். அவள் சிரித்த சிரிப்பில் என் முன்னால் ஒலி அளவு காட்டும் ஊசி சிவப்புக்குப் போய் வந்தது. சிரிப்பு அடங்கியதும் நான் ஒரு பழைய பாட்டை ஓடவிட்டேன். அந்தக் காலத்துப் பதிவு சிலவற்றில் பாடுகிறவர் குரல் இடது பக்கமும் வாத்தியங்கள் வலது பக்கமுமாக இருக்கும். பாட்டு ஓடும் கருவியில் இடது பக்க வயர் கழன்று போயிருந்தது. இரண்டு காதும் உள்ள எவனும் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பான். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

கண் போனில் இருந்தது. பிறந்தநாள் வாழ்த்து என்று எழுதுவேன், அழிப்பேன், மறுபடி எழுதுவேன். நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பட்டாசு இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். எல்லாத் தொலைபேசி விளக்குகளும் மின்னிக்கொண்டிருந்தன. ஒருவர், “பாட்டு வருது, பாடறவர் எங்கங்க, டீ குடிக்கப் போயிட்டாரா?” என்று கேட்டாராம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு மைக்கில், அதைத்தான் நாங்களும் கேட்கிறோம், அவரைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று போட்டாளே ஒரு போடு. இரவு வேலை முடிந்த நர்ஸ் ஒருத்தி பாடினாள். ஒரு டாக்ஸிக்காரர் பாடினார். லிஃப்ட்காரர் எல்லாரையும்விட நன்றாகப் பாடினார். நேரம் போனதே தெரியவில்லை. முடிவில் சொல்லும் சிந்தனைக்காகப் பொறுமையைப் பற்றிப் பேச வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்தான் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கோபமாகப் போய்விட்டார்.

நிலையத் தலைவர் மேலிருந்து இறங்கி வந்து என் கையைக் குலுக்கினார். இனி வாரா வாரம் இதுதான் என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் இடது வயரை நானே என் கையால் பிடுங்குகிறேன், பாட்டு முடிந்ததும் மாட்டுகிறேன். இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு உத்தியோகம்.

அந்த முதல் நாள் எல்லாரும் போன பிறகு பட்டாசு வந்து பக்கத்தில் நின்றாளாம். எனக்குத் தெரியாது. சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து, “அண்ணே, அந்தப் பக்கம் நின்னு மூணு தடவை கூப்பிட்டேன். எத்தனை நாளா இப்படி?” என்று கேட்டாள். இரண்டு வருடமாக என்றேன். அவள் அழுதுவிட்டாள்.

ஆமாம் கண்ணு. இடது காது போய்விட்டது. நரம்பு விஷயம், திரும்பாது என்றார் டாக்டர். காதால் செய்யவேண்டிய வேலையை இரண்டு வருடமாக ஊசியைப் பார்த்துக் கண்ணால் செய்துகொண்டிருந்தேன். உன் அம்மா இருந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பாள். தெருவில் எப்போதும் என் இடது பக்கம்தானே நடப்பாள்.

இனி எழுதப்போவதுதான் எழுத வந்தது.

நீ கடைசியாகப் போன் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வலது கையில் இஸ்திரிப்பெட்டி. வலது கை வேலைக்கு, இடது கை போனுக்கு என்று எத்தனையோ வருடப் பழக்கம். நீ ரொம்ப நேரம் பேசினாய். பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதுபோல் ஒரு முனகல்தான் எனக்கு வந்தது. கடைசியில் உன் குரல் உயர்ந்து நின்றது. ஏதோ கேட்கிறாய் என்று புரிந்தது. “சரிம்மா, உன் இஷ்டம், அப்புறம் பார்க்கலாம்” என்றேன். யார் என்ன சொன்னாலும் நான் சொல்லித் தப்பிக்கிற பதில் அது. இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டுப் போனை வலது காதுக்கு மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. மாற்றினால் ஏன் மாற்றினேன் என்று சொல்லவேண்டி வரும் என்று பயந்தேன். நீ வைத்துவிட்டாய்.

அடுத்த வாரம் உன் அத்தை வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, “மூணு வருஷமா மனசுல பூட்டி வெச்சிருந்ததை அந்தப் பொண்ணு உன்கிட்ட சொல்லியிருக்கா. அப்புறம் பார்க்கலாம்னியாமே. நீயெல்லாம் ஒரு அப்பனா?” என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். தலைகுனிந்து நின்றேன். கல்நெஞ்சக்காரன் என்ற பெயர் வந்தாலும் பரவாயில்லை, செவிடன் என்ற பெயர் வேண்டாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. எவ்வளவு கேவலம் பார்.

நீ என்ன சொல்லியிருப்பாய் என்று பஸ்ஸில், வேலையில், குளிக்கும்போது ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன். யாரையாவது பிடித்திருக்கிறதா, உடம்புக்கு ஏதாவதா, அம்மாவின் கடைசி நாட்களில் நான் நடந்துகொண்டதைப் பற்றிய கோபமா. எதுவாக இருந்தாலும் அதற்கு நான் சொன்ன பதில் தவறு. அத்தையைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவாள். நான் கேட்கவில்லை. உன் வாயால் சொன்னதை இன்னொருத்தி வாயால் தெரிந்துகொள்ள எனக்கு மனசில்லை.

நேற்று நிலையத் தலைவரிடம் காது விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உனக்கு எழுதுவதைவிட அது சுலபமாக இருந்தது. அவர், அப்படியானால் புதன்கிழமை வயரை யார் பிடுங்குவது என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த மாதம் முதல் நான் பழைய பதிவுகளை அடுக்கி வைக்கும் அறைக்குப் போகிறேன். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் காலையில் நான்கு மணிக்கு எழவேண்டாம்.

அம்மாடி, உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது கூப்பிடு. இரண்டு கையையும் காலியாக வைத்துக்கொண்டு, வலது காதில் வைத்துக் கேட்கிறேன். முதலிலிருந்து சொல். நடுநடுவே, “அப்பா, கேக்குதா?” என்று நிறுத்து. விழாவிட்டால் விழவில்லை என்று சொல்வேன், இனிமேல் அதில் வெட்கப்பட மாட்டேன். அந்தக் காதிலும் கேட்பது மெல்லக் குறையும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்குள் சொல்லிவிடு.

நீ என்ன கேட்டிருந்தாலும் என் பதில் ஒன்றுதான்: நன்றாக இரு.

உன் அப்பா