கண்டனூர் வீட்டுத் தூசி

டிசம்பர் 20, சனி

பிள்ளையார் நோன்புக்காகக் கண்டனூர் வீட்டைத் திறந்தாயிற்று. ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீடு. இரண்டு கூடத்தைக் கூட்டித் துடைப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. இந்தக் குடும்பத்தில் ஒரு சட்டம் உண்டு: இந்த வீட்டில் யார் தும்மினாலும் அது தூசி. சளி என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் நோன்புக்கு வராமல் இருக்க வேண்டுமே! சென்னையிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து இறங்கினார் என் நாத்தனார் மீனாள் ஆச்சி. "அப்பா, என்ன தூசி!" என்றார். அப்போது அவர் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை.

டிசம்பர் 23

என் மகள் அக்ஷராவுக்கு நாலு மாதம். இந்தக் குளிர்காலத்தில் குழந்தைகளுக்கு வரும் மூச்சிளைப்பு பெரும்பாலும் வைரஸால்தான். அதிலும் ஆர்எஸ்வி என்று ஒன்று பச்சைப்பிள்ளைகளைப் படுத்திவிடுமாம். மைக்ரோபயாலஜி படித்தவள் நான், சும்மா இருக்க முடியுமா? முத்தம் கூடாது. கை கழுவாமல் தூக்கக் கூடாது. முற்றத்துத் தூணில் சானிடைசரைக் கட்டித் தொங்கவிட்டேன்.

"பேத்தியத் தொடுறதுக்கு நான் பரீட்சை எழுதணுமாக்கும்?" என்றார் அத்தை.

வீரையா சித்தப்பா இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார். "கழுவிட்டேன் ஆத்தா. சர்டிபிகேட் குடுத்தா உள்ள போயிருவேன்."

சிரிக்கட்டும். தலைப்பிள்ளை. எனக்கு அவள் மூச்சுதான் முக்கியம்.

டிசம்பர் 25, வியாழன்

நோன்பு. வீட்டில் மூத்தவர் என்பதால் சித்தப்பா ஒவ்வொருவருக்கும் திரி எரிகிற மாவை எடுத்துக் கொடுத்தார். வழக்கப்படி நெருப்போடு வாயில் போட்டுக்கொண்டோம். பிள்ளைக்கு உள்ளதையும் நானே வாங்கிச் சாப்பிட்டேன். கூட்டத்தில் அவளை யாரிடமும் கொடுக்கவில்லை. என் தோளிலேயே வைத்திருந்தேன்.

டிசம்பர் 26

தொண்டை கரகரக்கிறது, மூக்கு ஒழுகுகிறது. தூசி.

டிசம்பர் 30, செவ்வாய்

காரைக்குடி பிளாட்டுக்குத் திரும்பி மூன்று நாள். நேற்றிலிருந்து அக்ஷராவுக்கு மூக்கடைப்பு, இருமல். நான் வாழைப்பழம் தின்றது பாலில் இறங்கிவிட்டது என்கிறார் அத்தை. முற்றத்துப் பனி என்கிறார் என் கணவர் சேவுகன். டாக்டரம்மா நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்ல யாருக்காவது சளி இருந்துச்சா?" என்றார்.

"யாருக்கும் இல்ல டாக்டர். இவளுக்கு மட்டும் கண்டனூர்த் தூசி ஒத்துக்கல" என்று என்னைக் காட்டினார் சேவுகன்.

"கண்டனூர்லேருந்து வந்து எத்தன நாளாச்சு?"

"மூணு நாள்."

டாக்டர் என் கையிலிருந்த கைக்குட்டையைப் பார்த்தார். "அப்ப தூசியும் கூடவே கார்ல ஏறி வந்துருச்சா?"

பெரியவர்களுக்கு வெறும் மூக்கொழுகலோடு போய்விடும் வைரஸ்தான், இவளுக்கு நுரையீரலின் நுனிக் குழாய்வரை இறங்குமாம். எல்லாரையும் தள்ளி நிறுத்தினேன். நான் மட்டும் எட்ட நிற்கவே இல்லை. எப்படி எனக்குத் தோன்றாமல் போயிற்று? மற்றவர்கள் தும்மினால் வைரஸ், நான் தும்மினால் தூசி.

மருந்து? மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு. அவ்வளவுதான். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்காது. பால் குடிப்பது பாதியாகக் குறைந்தாலோ, விலாப்பக்கம் உள்ளே இழுத்தாலோ உடனே வர வேண்டும்.

மீனாள் ஆச்சி போனில் கொதித்தார். "வேல மெனக்கெட்டுப் போயி உப்புத்தண்ணியா வாங்கிட்டு வந்தீக? என் மகனுக்குக் குடுத்த மருந்து பேர அனுப்புறேன், வாங்கி ஊத்து."

அனுப்பினார். வாங்கவில்லை.

ஜனவரி 1

பால் வேண்டாம்கிறா. வாய வச்சு ரெண்டு இழுப்பு, உடனே திரும்பிக்கிறா. விலா உள்ள போகுதா? எனக்குத்தான் அப்படித் தெரியுதா? விடியட்டும்கிறாரு சேவுகன். புத்தாண்டும் அதுவுமா டாக்டர எழுப்பணுமாங்கிறாக அத்தை. மறுபடியும் உப்புத்தண்ணிதான் தந்தா ஊரே சிரிக்கும்.

சட்டையைக் கழற்றி விளக்கடியில் பார்த்தேன். விலாவுக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுகிறது.

சிரிக்கட்டும். கிளம்புகிறோம்.

ஜனவரி 2

ஆஸ்பத்திரி. மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஆர்எஸ்விதான் என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. ராத்திரியே கூட்டி வந்தது நல்லது என்றார் டாக்டர். ஊசி போடும்போது வாயைத் திறந்து அழுதாள். சத்தமே வரவில்லை. அழக்கூட மூச்சு இல்லை அவளுக்கு. நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

ஜனவரி 3, சனி

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விசாரணைக் கமிஷன். குற்றவாளிப் பட்டியல்: கார் ஏசி, கிறிஸ்துமஸ் கேக், கிணற்றுத் தண்ணீர், சமையலுக்கு வந்த பெண். அந்தப் பெண்ணின் பேர் வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. "என்கிட்டேருந்துதான் வந்துச்சு. எனக்கு இருந்தது தூசி இல்ல, சளி" என்று போட்டேன்.

பிறகு வீரையா சித்தப்பா: "எனக்கும் லேசா இருந்துச்சு ஆத்தா. சொன்னா நோன்புக்கு வராதீகம்பீகன்னு சொல்லல."

அடுத்து இன்னொருவர். அப்புறம் இன்னொருவர். நோன்புக்கு வந்தவர்களில் பாதிப்பேர் வரிசையாக ஒப்புக்கொண்டார்கள். கடைசியாக மீனாள் ஆச்சி: "எனக்கு நெசமாவே தூசிதான்."

சிரித்துவிட்டேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தார்.

ஜனவரி 4

ஆக்சிஜனைக் குறைத்திருக்கிறார்கள். பாதிப் பால் குடித்தாள். அத்தை கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போனார். உள்ளே கூப்பிட்டேன். "வேணாம், எனக்கும் தொண்ட ஒரு மாதிரியா இருக்கு" என்றார்.

ஜனவரி 6

வீடு. இருமல் இன்னும் சில வாரம் இருக்குமாம். இருக்கட்டும்.

ஜனவரி 10, சனி

குளிப்பாட்டித் துவட்டுவதற்குள் வீறிட்டாள். பசி. ஒரு கணம் பொறுக்கமாட்டாள். கை கால் உதறி, முகம் சிவந்து, கட்டிடம் அதிர ஒரு கத்தல். அழைப்பு மணி அடித்தது. கீழ் வீட்டுச் சத்தியமூர்த்தி சார், கையில் பாதி படித்த பேப்பரோடு.

"என்னம்மா, பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா? இப்பிடிக் கத்துது?"

"சரியாயிருச்சு சார். அதான் கத்துறா."

அவர் புரியாமல் படியிறங்கிப் போனார். அந்தச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கேட்பதற்காகவே, பால் கொடுக்க நான் தாமதித்தேன்.