அழகிரியின் டோக்கன் ஆற்றில் விழுந்ததால் என் கையொப்பம் ரத்தான விவரம்

அனுப்புநர்
ஜெ. டோரதி,
உரிமையாளர், டோரதி மெடிக்கல்ஸ்,
புத்தூர், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்
துணை இயக்குநர் அவர்கள்,
மின்-உரிமச் சேவைப் பிரிவு,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: மருந்துக் கடை உரிமப் புதுப்பிப்பு – செல்லுபடியாகும் மின்-கையொப்பத்தை ரத்தானதாகக் கருதி நிராகரித்தது – மறுபரிசீலனை கோருதல்.

பார்வை: தங்கள் நிராகரிப்பு ஆணை, நாள் 12.11.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் ஜெபராஜ் மருந்தாளுநர். இருவரும் ஒன்பது ஆண்டுகளாகக் கடை நடத்துகிறோம். உரிமம் இம்மாதம் 30ஆம் தேதி முடிகிறது. 3ஆம் தேதியே விண்ணப்பித்து, மின்-கையொப்பச் சான்றிதழ் அடங்கிய என் யூ.எஸ்.பி. டோக்கனைக் கணினியில் செருகிக் கையொப்பமிட்டேன். தங்கள் இணையத்தளம் அக்கையொப்பம் ரத்தானது என்றது. அதை வழங்கிய நிறுவனத்திடம் விசாரித்தால், 2027 வரை செல்லும் என்கிறார்கள்.

2. நேரில் வந்தேன். உதவி மையத்தில் உள்ள திரு. பாலமுரளி, "சிஸ்டமே ரத்துன்னு சொல்லுதுங்க மேடம், அதை மீறி நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார். நல்ல மனிதர். குடிக்கத் தண்ணீரும், தளம் என் கையொப்பத்தைச் சோதித்த விவரம் வரிவரியாக அடங்கிய அச்சுத்தாள் ஒன்றும் கொடுத்தார்.

3. அத்தாளில் ரத்தானதாக இருந்த சான்றிதழ் என்னுடையதே அல்ல. திருவானைக்காவலில் மருந்துக் கடை வைத்திருக்கும் திரு. அழகிரியுடையது. சங்கக் கூட்டங்களில் பழக்கமானவர் என்பதால் போனில் கேட்டேன். "ஆமாக்கா, தீபாவளி லீவுல முக்கொம்பு அணைக்குப் போனோம். குனிஞ்சேன், பாக்கெட்லேர்ந்து டோக்கன் தண்ணிக்குள்ள போயிடுச்சு. மறுநாளே ரத்து பண்ணச் சொல்லிட்டேன்" என்றார். அவர் செய்தது சரி. அவர் குனிந்ததற்கு நான் ஏன் நிமிர முடியாமல் இருக்கிறேன் என்பதே என் கேள்வி.

4. கடைக்கு வருமுன் பதினோரு ஆண்டுகள் மென்பொருள் எழுதியவள் நான். ஒரு சான்றிதழை இணையவழியில் அடையாளம் காண மூன்று விவரங்கள் வேண்டும்: வழங்கிய நிறுவனத்தின் பெயர், அந்நிறுவனத்தின் சாவி, சான்றிதழின் வரிசை எண். மூன்றையும் ஒப்பிட மென்பொருளில் ஒரு ஃபங்ஷன், அதாவது தயார்நிலைக் கட்டளை, உண்டு. வரிசை எண்ணை விட்டுவிட்டு, நிறுவனம் ஒன்றுதானா என்று மட்டும் பார்க்க இன்னொன்று உண்டு. அச்சுத்தாளின்படி, தங்கள் தளத்தை எழுதியவர் இரண்டாவதைப் பயன்படுத்தியிருக்கிறார். அழகிரிக்கும் எனக்கும் சான்றிதழ் வழங்கியது ஒரே நிறுவனம். ஓர் அடுக்ககத்தில் ஒருவர் வீட்டைக் காலி செய்ததும், அத்தனை வீட்டுக்கும் கரண்டைத் துண்டித்த கதைதான் இது.

5. இதை எழுதியவர் மீது எனக்குக் கோபமில்லை. நானும் அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் அடித்திருக்கிறேன்.

6. ஆனால் 30ஆம் தேதியை நினைத்தால் பயமாக இருக்கிறது. மனுவில் இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன். ஸ்ரீரங்கத்திலிருந்து மாத்ருபூதம் சார் இரண்டு பஸ் மாறி இன்சுலினுக்கு எங்களிடம்தான் வருகிறார். மூடிய ஷட்டர் முன் அவர் நிற்பதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

7. தாங்கள் அனுப்பிய நிராகரிப்பு ஆணையை மரியாதையுடன் மூன்று முறை படித்தேன். அதிலும் மின்-கையொப்பம் இருந்தது. பழைய தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. தங்கள் தளத்தின் 'கையொப்பம் சரிபார்க்க' பக்கத்திலேயே அதை ஏற்றினேன். ரத்து என்று வந்தது. தங்களுக்கும் அதே நிறுவனம்தான் சான்றிதழ் வழங்கியிருக்கிறது. தாங்கள் அண்மையில் முக்கொம்பு செல்லவில்லை என நம்புகிறேன்.

8. உரிமக் காலம் முடிந்தாலும், புதுப்பிப்பு மனு நிலுவையில் உள்ளவரை கடை நடத்தலாம் என்பது தங்கள் தளத்திலேயே உள்ள விதி. ஆகவே பணிவுடன் சொல்வது: தங்கள் கையொப்பம் செல்லுமானால் என்னுடையதும் செல்லும், உரிமத்தைப் புதுப்பித்துத் தரவும். என்னுடையது செல்லாதென்றால் தங்களுடையதும் செல்லாது. அப்படியானால் என்னை யாரும் நிராகரிக்கவே இல்லை, என் மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. இரண்டில் எதைத் தாங்கள் தேர்ந்தாலும் டிசம்பர் முதல் தேதி காலை கடை திறந்திருக்கும்.

9. தளத்தில் அந்த ஒரு வரியை மாற்றச் சொல்லுமாறு வேண்டுகிறேன். எந்த வரி என்று அச்சுத்தாளில் சிவப்பு மையால் வட்டமிட்டுள்ளேன். அதுவரை இம்மனுவுக்கான பதிலைத் தயவுசெய்து பேனாவால் கையொப்பமிட்டு அனுப்பவும்.

நன்றியுடனும் சற்றுக் கவலையுடனும்,

ஜெ. டோரதி
(பேனாவால்)

இடம்: புத்தூர், திருச்சி
நாள்: 19.11.2025

இணைப்பு: அச்சுத்தாள், தங்கள் ஆணை, தங்கள் ஆணை ரத்து என்று தங்கள் தளம் சொன்ன பக்கம்.