ஐந்தாம் வகுப்பில் இரண்டு பேர்

என்னங்க,

எழுத்து கோணலாக இருக்கிறதே, மகளுக்கு உடம்பு சரியில்லையோ என்று பதற வேண்டாம். இது நானே எழுதுவது. மூன்று வருடமாக, சலவைக்கடையில் இஸ்திரி போட்டுவிட்டு வந்த கையோடு, அவளுடைய பாடப்புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்துவருகிறேன். சொல்ல வெட்கமாக இருந்தது.

போன மாதம் பள்ளியில் புத்தகங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இனி எல்லாம் டேப்லெட்டில்தானாம். அதை வீட்டுக்கும் தரமாட்டார்களாம். எனக்குக் கையொடிந்த மாதிரி ஆகிவிட்டது.

நேற்றுப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

"புத்தகம் வீட்டுக்கு வரணும் டீச்சர்."

"உங்க பொண்ணு நல்லாத்தானே படிக்கிறா?" என்றார் தலைமையாசிரியை.

"அவ படிச்சிடுவா. நான்தான் பாதியில நிக்கிறேன். நானும் அஞ்சாவதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அறிவியல் புத்தகத்தை நீட்டி, "எங்க, வாசிங்க" என்றார். செரிமானப் பாடம். வாயிலிருந்து பெருங்குடல்வரை தடங்கலில்லாமல் வாசித்து முடித்தேன். பின்வரிசையில் ஒரு அப்பா எழுந்து, "எங்க வீட்டுக்கும் வேணும் டீச்சர், நானும் படிக்கணும்" என்றார். அவரைப் பார்த்து இன்னும் பதினொரு பேர் எழுந்தார்கள்.

இன்று புத்தகங்கள் வீடு திரும்பிவிட்டன.

இதுவரை உங்கள் கடிதங்களை மகள்தான் படித்துக்காட்டினாள். நீங்களும் நலம் விசாரிப்பதோடு நிறுத்திக்கொண்டீர்கள். இனி உறையின்மேல் என் பெயரை எழுதுங்கள். அவளுக்குத் தெரியக்கூடாததையும் தாராளமாக எழுதலாம். அச்சைப் போலில்லாத உங்கள் கையெழுத்தை எழுத்துக்கூட்ட எத்தனை நேரமானாலும் எனக்குப் பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் பதிலைத் தானே பிரிக்கப்போகும் மனைவி