தெரியாது என்றேன்

நவம்பர் 18, செவ்வாய்

வழக்கின் முதல் நாள். நீதிபதியோடு சேர்ந்து தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து அழைக்கப்பட்ட இருவரில் நானும் ஒருத்தி. குற்றம் சாட்டப்பட்ட தமிழரைத் தெரியுமா என்று காலையில் நீதிபதி கேட்டார். தெரியாது என்றேன். உண்மைதான்.

அவர் தாக்கியதாகச் சொல்லும் பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். இரண்டு மணி நேரம் நடுங்கியபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

இடைவேளையில் தாழ்வாரத்தில் ஒருத்தி என் கையைப் பிடித்தாள். கோயில் அன்னதானத்துக்கு என்னோடு மரக்கறி வெட்டுகிறவள். குற்றம் சாட்டப்பட்டவருடைய மனைவியாம்.

“அக்கா, நீங்கள் உள்ளுக்கை இருக்கிறது பெரிய ஆறுதல்.”

“இஞ்சை என்னோடை கதைக்கக் கூடாது.”

“ஓம், கோயிலிலை மட்டும்தான் கதைப்பியள், என்ன?”

இவளைத் தெரியும் என்று நீதிபதியிடம் சொன்னால் என்னை விலக்குவார்கள். வழக்கு முதலிலிருந்து தொடங்கும். அந்தப் பெண் மறுபடியும் நடுங்க வேண்டும். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. எப்படியும் அவர் குற்றவாளி என்றுதான் எனக்குப் படுகிறது, பிறகென்ன என்று வீடிருக்கும் ஹவுகெட்டோ வரை ரயிலில் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் அப்பாவி என்று பட்டிருந்தால் இதே சமாதானத்தைச் சொல்லியிருப்பேனா?

சின்ன நாடு, அதற்குள் இன்னும் சின்னக் கூட்டம் நாங்கள். எங்களில் யாரை அழைத்தாலும் இப்படித்தான் ஆகும். இனி எங்களை அழைக்கவே யோசிப்பார்கள்.

நாளைக் காலை எட்டரைக்கு நீதிபதியின் கதவைத் தட்டுவேன். அந்தப் பெண் அதற்கு முன்பே வந்து வெளியில் உட்கார்ந்திருப்பாள். அவளைக் கடந்துதான் போக வேண்டும்.