காலி நாற்காலியிடம் நீ கேட்ட கேள்விகள்

என் கூடப்பிறந்த ராசா, குமாரு,

நீ போன பிறகு வருகிற முதல் சாரல் இது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாம். குத்துக்கல்வலசையில் நம் வீட்டுத் துணி ஒன்றுகூடக் காயவில்லை.

போன ஆனியில் ஆவணப்படம் மாதிரி ஒரு பேய்ப்படம் எடுக்கிறேன் என்று நின்றாய். மகனைப் பறிகொடுத்த தாயை ஒருவன் பேட்டி எடுக்கிற கதை. தாயாக நடிக்க நம் அம்மா, கேள்வி கேட்கிற குரல் உன்னுடையது. செத்த மகனாகக் காட்டத் தன் போட்டோவை யார் தருவார்கள்? உன் போட்டோவுக்கே மாலை போட்டு மாட்டினாய்.

"உசுரோட இருக்கவன் படத்துக்கு மாலையா? வெளங்குமாலே?" என்று கத்தினேன்.

"போக்கா, சும்மா நடிப்புதான."

கத்திவிட்டுத் தென்காசியில் மாலை வாங்கி வந்ததும் நான்தானே. அடுத்த மாதமே பண்பொழி ரோட்டில் பைக் சறுக்கிப் போய்விட்டாய். பாவி நான், என்னத்தைச் சொல்ல?

அம்மாவைப் பற்றித்தான் எழுத வந்தேன். படப்பிடிப்பன்று அவள் வருவதற்குள், குரல் சரியாகப் பதிகிறதா என்று பார்க்க, காலி நாற்காலியிடம் கேள்விகளை மட்டும் கேட்டு ஒரு துண்டு வீடியோ எடுத்தாயே, அதை உன் கூட்டாளி லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தான். மத்தியானமானால் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். சோறு அப்படியே கிடக்கிறது. எலும்பும் தோலுமாகிவிட்டாள்.

"சாப்பிட்டீங்களாம்மா?" என்று உன் குரல் கேட்கும்.

"எறங்கலய்யா."

கொஞ்சம் விட்டு நீ அடுத்ததைக் கேட்பாய். "மகன் இப்பவும் வீட்டுக்கு வருதானா?"

"வந்துதான இருக்கே."

"பயமா இருக்கா?"

"பெத்த புள்ளயப் பாத்து என்னய்யா பயம்?"

அவள் முடிக்கும்வரை நீ காத்திருக்கிறாய், குமாரு. ஒரு நாளும் அவள் பேச்சில் குறுக்கிட்டதில்லை. அது எப்படிலே?

நேற்று அவள் குளிக்கப் போனதும் அதை அழித்துவிடத் துணிந்தேன். அழிக்குமுன் ஒரே ஒரு முறை, கடைசிவரை ஓடவிட்டேன்.

"ஏன்க்கா அங்கனயே நிக்கே? வந்து உக்காரு."

அன்று அந்த அறைக்கு நான் வந்தேனா? எனக்கு நினைவே இல்லை. ஆனாலும் உட்கார்ந்தேன். என்னென்னவோ சொல்லி அழுதேன். நீ பொறுமையாகக் கேட்டாய்.

குளித்து வந்த அம்மா, "கொஞ்சம் தள்ளி உக்காருட்டி" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அடுப்பில் வைத்த உலையை இரண்டு பேருமே மறந்துபோனோம்.

நாளைக்குக் கட்டாயம் அழித்துவிடுவேன், அம்மாவுக்கு ஒரு வாய் சோறு ஊட்டிவிடுவேன். உன்மேல் சத்தியம். நேற்றும் இதையேதான் உன்னிடம் சொன்னேன். "சரிக்கா" என்றாய்.

உன்னை இடுப்பைவிட்டு இறக்காமல் வளர்த்த
அக்கா