கருகிய மூலை

செவ்வாய், இரவு.

திண்டிவனம் கம்பெனியில் இன்றும் டிபன் டப்பா மூடிகள் ஒரே மூலையில் கருகி வந்தன. மெஷின் ஓட்டும் செல்வி வேகத்தைக் கூட்டியிருப்பாள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

"இனிமே இந்தம்மா மெஷினாண்ட வேணாம், பேக்கிங்ல போடு" என்றார்.

மாலையில், நான் வரைந்து கொடுத்த மோல்டை, அதாவது மூடி வார்க்கும் இரும்பு அச்சை, பிரித்தேன். அந்த மூலையில் காற்று வெளியேற வழியே இல்லை. டிராயிங்கில் நான்தான் அதைப் போடாமல் விட்டிருக்கிறேன். அடைபட்ட காற்று சூடேறிப் பிளாஸ்டிக்கைக் கருக்கியிருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் அங்கே காற்று போக மெல்லிய கோடு ஒன்று தேய்த்துவிட்டேன். அடுத்த மூடி பளிச்சென்று வந்தது.

ஒலக்கூர் பஸ்ஸுக்குக் கிளம்பிய செல்வி அதை வாங்கித் தடவிப் பார்த்தாள்.

"நான் பண்ண தப்புக்கு நீங்க கஷ்டப்பட்டுக்கினு இருக்கீங்களே சார். மன்னிச்சுக்குங்க."

"பரவாயில்லம்மா" என்றுதான் என் வாயில் வந்தது.