ஈ ஃப்ளாட்டுக்குப் போகும் வழி

புதன்

காலையிலேயே மழை. சர்ச் கூரை ஒழுகி எலக்ட்ரிக் கீபோர்டு செத்துவிட்டது. சனிக்கிழமை தம்பி மகள் ஷீலாவுக்குக் கல்யாணம். வாசிப்பது நான். இனி மூலையில் கிடக்கும் பழைய பியானோதான். அதில் சுருதி மாற்றும் பட்டன் கிடையாது.

முப்பது வருடமாக எல்லாப் பாட்டையும் சி சுருதியில் வாசித்து, பட்டனை அமுக்கியே ஏற்றி இறக்கினேன். இது யாருக்கும் தெரியாது.

பாடகர் குழுவை நடத்தும் எலிசபெத் டீச்சர் போனில்: "அண்ணே, பாட்டு ஈ ஃப்ளாட்ல. பட்டன் இல்லாம முடியுமா லா? ஜேபி டவுன்ல வாசிக்கிறவர் ஒருத்தர் இருக்காரு."

"டீச்சர், நான் சிங்கப்பூர் ஹோட்டல்ல மூணு வருஷம் வாசிச்சவன்!"

சமையலறையிலிருந்து மனைவி ரோஸி: "பெட்டி தூக்குனீங்க. பியானோ பக்கத்துல."

வாய் சும்மா இருக்கவில்லை. ஷீலா வாசலில் நிற்கும்போது ஆல்டர்ட் கார்ட் என்ற வித்தியாசமான சுரக் கூட்டு ஒன்று வைப்பேன், அது பாட்டின் சொந்தக் கூட்டான வீட்டுக் கார்டில் போய்ச் சேர்ந்ததும் அவள் முதல் அடி வைப்பாள், பாடகர்கள் பாடத் தொடங்குவார்கள் என்று சொல்லிவிட்டேன். மூவாரிலிருந்து வரும் சம்பந்தி வீட்டார் அசந்துபோவார்கள்.

வியாழன்

வெயில். போனில் பியானோ பாடம் நடத்தும் வீடியோ, பதினோரு தடவை. மற்றவர்களுக்கு நூறு வேண்டும். புரிந்தது:

சாதாரண பி ஃப்ளாட் செவன் கார்ட், "ஈ ஃப்ளாட் வீட்டுக்குப் போகலாமா?" என்று மரியாதையாகக் கேட்கும்.

அடியில் பி ஃப்ளாட். மேலே டி, ஏ ஃப்ளாட். இவற்றைத் தொடாதே.

ஐந்தாம், ஒன்பதாம் சுரங்களை மட்டும் அரைப் படி நகர்த்து. எஃப் ஏறி எஃப் ஷார்ப். சி இறங்கி பி.

இப்போது அது கேட்காது. சட்டையைப் பிடித்து இழுக்கும்.

சின்ன வயதிலேயே இதை நானே கண்டுபிடித்தேன், பெயர்தான் தெரியாது.

வெள்ளி

புழுக்கம். ஒத்திகை. ஆல்டர்ட் கார்ட் சுத்தம். "பெரியப்பா, இழுத்துக்கிட்டே இருக்கே, எப்ப முடியும்?" என்றாள் ஷீலா. அதுதான் வேண்டும்!

ஆனால் வீட்டுக் கார்ட் மூன்று தடவையும் சி-க்கே போனது. பழகிய கை, பழைய வீடு. எலிசபெத் டீச்சர் ஜேபி ஆளைக் கூப்பிடப் போனை எடுத்தார்.

"வேணாம் டீச்சர்," என்றாள் ஷீலா. "பெரியப்பா வாசிக்கலன்னா நான் உள்ள வரமாட்டேன்."

அலமாக், மாட்டிக்கொண்டேன். இனி தப்பே பண்ணமுடியாது.

நாளைக்கு: சட்டை இஸ்திரி. மீசைக்கு மை. வலது உள்ளங்கையில் பேனாவால் வீட்டுக் கார்ட்: ஈ ஃப்ளாட், ஜி, பி ஃப்ளாட்.

சனி

கொளுத்தும் வெயில். ஓடியது ஒரே ஃபேன். வாசலில் ஷீலா, தம்பியின் கையைப் பிடித்தபடி. ஆல்டர்ட் கார்ட் வைத்தேன். ஐந்நூறு பேர் நிமிர்ந்தார்கள். (நூற்றிருபது.)

உள்ளங்கையைத் திருப்பினேன். வியர்வையில் எல்லாம் நீலம். ஓர் எழுத்துகூட இல்லை.

மறுபடி அதே கார்ட். மறுபடியும். சம்பந்தி முன் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு அம்மா: "ஐயோ, யாராச்சும் முடிங்களேன்!"

ஐந்தாவது தடவை, வாசலிலிருந்து ஷீலாவே சிரித்துக்கொண்டு பாட்டைத் தொடங்கினாள். பாடகர்கள் சேர்ந்தார்கள். அப்புறம் சர்ச் முழுக்க. எல்லோரும் அச்சாக ஈ ஃப்ளாட்டில். அவள் நடந்து வந்தாள். என் கை மடியில்.

விருந்தில் சம்பந்தி: "பியானோவ நிறுத்திட்டு ஜனங்கள பாடவிட்டீங்களே! எங்க கத்துக்கிட்டீங்க?"

"சிங்கப்பூர் ஹோட்டல்ல."

ரோஸி என்னைப் பார்த்தாள். என் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தாள்.